முழங்கையை யார் பார்க்கிறார்கள்?

மகனின் மவுத்கார்ட், பல்லைக் காக்கும் உறை, விழுந்து கிடந்த இடம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இருபது மீட்டர் கோட்டுக்கு இரண்டடி உள்ளே, ஈரப் புல்லில், நீல நிறத்தில். அவன் அதற்குப் பக்கத்தில் தாடையைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தான். பந்தோடு வந்த பொடியன் அவனைத் தாண்டி இன்னும் ஐந்தாறு மீட்டர் ஓடி, வேறு இரண்டு பேரிடம் பிடிபட்டான். அப்புறம்தான் விசில் ஊதினார்கள், அதுவும் அடிபட்டவனைப் பார்ப்பதற்கு. பெனால்டி இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன், "நல்ல ஓட்டம்" என்று கைதட்டினார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். முதல் பார்வையில் எனக்கும் அது ஓட்டமாகத்தான் தெரிந்தது.

இது நடந்தது மேற்கு சிட்னியில், 13 வயதுக்கு உட்பட்டோர் ரக்பி லீக் ஆட்டத்தில். எங்கள் வீடு பாரமட்டா ஈல்ஸ் வீடு. 1986க்குப் பிறகு கோப்பையே காணாத அணி என்றாலும் வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் வரவேற்பறை நிறைந்துவிடும். மனைவியின் தம்பி வருவான். என்னோடு வேலை செய்யும் தொங்கா நாட்டு நண்பர் வருவார். ஒரு காலத்தில் உள்ளூர் அணியில் ப்ராப் ஆக, அதாவது முன்வரிசையில் மோதும் பெரிய உடம்புக்காரராக, ஆடியவர், கழுத்தும் தோளும் ஒன்றாய்ப் போன மனிதர். மகனுக்கு அடிபட்ட பிறகு மூன்று வெள்ளிக்கிழமையும் நாங்கள் ஒரே விஷயத்தைத்தான் கதைத்தோம். பந்து வைத்திருப்பவன் தன் கையை எதுவரைக்கும் பாவிக்கலாம்?

வேறொரு பொடியனின் தாய் போனில் எடுத்த வீடியோ இருந்தது. அதை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். ஓடி வருபவனின் வலது கையில் பந்து. இடது கை முதலில் விலாவோடு ஒட்டித்தான் இருக்கிறது. என் மகன் குனிகிறான்; பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி தலையை ஒரு பக்கமாக எடுத்து, தோளை இடுப்புக்குக் கொண்டு போகிறான். இன்னும் அரை அடி. அந்த இடத்தில் இடது முழங்கை உடம்பை விட்டு வெளியே வருகிறது. கை மடங்கியே இருக்கிறது, உள்ளங்கை தெரியவில்லை. முன்னங்கை குறுக்காக, மேல்நோக்கி, முன்னால். அடுத்த சட்டகத்தில் மவுத்கார்ட் காற்றில்.

கையால் தள்ளிவிடுவது ரக்பி லீக்கின் அழகுகளில் ஒன்று. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கை நீளும், உள்ளங்கை விரியும், தடுக்க வருபவனின் நெஞ்சிலோ தோளிலோ வைத்துத் தள்ளிவிட்டு ஓடுவான். பார்க்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் தள்ளுவது வேறு, இடிப்பது வேறு. தள்ளும் கை தூரத்திலிருந்தே வருவது தெரியும், தடுப்பவன் ஒதுங்கலாம், கையைத் தட்டிவிடலாம். மடக்கிய முன்னங்கை கடைசி அரை அடியில்தான் வரும். அதற்குப் பின்னால் ஓடி வருகிறவனின் முழு எடையும் இருக்கும். முழங்கையால் அடிப்பதற்கு விதியில் எப்போதும் இடம் இருந்ததில்லை, பந்து யார் கையில் இருந்தாலும். புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை. இருப்பதைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மச்சான் விடவில்லை. "அத்தான், பந்து வச்சிருக்கிறவன் என்ன செய்யிறது? மூன்று பேர் ஒரேயடியா வந்து விழுறாங்கள். ஒரு கையில பந்து. மிச்சம் இருக்கிற ஒரு கையாலயாவது அவன் தன்னைக் காப்பாற்ற வேண்டாமோ?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பந்தோடு ஓடுபவனின் உடம்பு படும் பாட்டை நானும் பார்க்கிறேன். ஒருவன் காலில், ஒருவன் இடுப்பில், ஒருவன் பந்தில் தொங்குவான். 2014இல் அலெக்ஸ் மெக்கின்னன் என்ற வீரருக்கு நடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை; தூக்கிப் போட்ட டேக்கிளில், அதாவது பிடித்து விழுத்தியதில், கழுத்து முறிந்தது, அவருக்கு அப்போது 22 வயது. ஓடுபவனுக்கு ஆபத்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்காகத்தான் ஒவ்வொரு விதியாக வந்தது. தோளால் மோதுவதை 2013 முதல் தடை செய்தார்கள். அப்போது விளையாட்டே செத்துவிட்டது என்று எத்தனை பேர் கத்தினார்கள்! விளையாட்டு இருக்கிறது. 2021 மே மாதம் பிரிஸ்பேனில் மேஜிக் ரவுண்ட், எல்லா அணிகளும் ஒரே மைதானத்தில் ஆடும் வார இறுதி. தலையில் கை பட்டால் விடுவதில்லை என்று ஒரே வார இறுதியில் மூன்று பேரை வெளியே அனுப்பி, 14 பேரைப் பத்து நிமிடம் சின் பின்னில், மைதானத்துக்கு வெளியே, உட்கார வைத்தார்கள். அன்றும் ஆளாளுக்குக் கத்தினோம், நானும்தான். இன்று தடுப்பவன் கையை உயர்த்தினால் நான்கு வயதுப் பிள்ளையும் "ஹை!" (உயரம்!) என்று கத்துகிறது.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பார்வை முழுக்கத் தடுப்பவனின் கையில்தான். அவன் கை எங்கே பட்டது, எவ்வளவு வேகமாக வந்தது, ஓடியவன் குனிந்தானா, வழுக்கினானா என்று வீடியோ நடுவர்கள் பங்கர் என்ற அறையில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். அதே காட்சியில் ஓடுபவனின் முழங்கை தடுப்பவனின் தாடையில் இருக்கும். வர்ணனையாளர் "என்ன பலம்!" என்பார். பிறகு எப்போதாவது, ஆட்டம் முடிந்தபின் தவறுகளைப் பார்க்கும் மேட்ச் ரிவியூ குழு பார்த்து ஒரு அபராதத்தோடு முடித்துவிடும். அதற்குள் அடிபட்டவன் தலைக்காயப் பரிசோதனைக்குப் போய், மூளை அதிர்ச்சி என்று தெரிந்து, குறைந்தது 11 நாள் ஆட முடியாமல் வீட்டில் இருப்பான்.

டேக்கிளில் தலையில் அதிகம் அடிபடுவது ஓடுபவன் அல்ல, தடுப்பவன். மைதான ஓரத்தில் ஒரு சீசன் நின்றாலே இது தெரிந்துவிடும். இடுப்பும் தொடையும் முழங்காலும் வேகமாக வரும் இடத்தில் தலையைக் கொண்டு போய் வைப்பவன் அவன்தானே? மேலே பிடிக்காதே, கீழே போ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கீழே போனால் முழங்கால். அதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஓடினால் கால் உயரத்தான் செய்யும், ஓட்டத்தை யாரும் தடை செய்ய முடியாது. முழங்கை அப்படியல்ல. ஓடுவதற்கு முழங்கை உடம்பை விட்டு வெளியே, எதிராளியின் முகத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. என் அளவுகோல் இவ்வளவுதான்: மோதுவதற்கு முன்பே முழங்கை விலாவை விட்டு வந்ததா? வந்து, தலையிலோ கழுத்திலோ பட்டால், தடுப்பவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. வேண்டுமென்று செய்தானா என்று அவன் மனதைத் தோண்ட வேண்டாம். தடுப்பவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை, கவனக்குறைவு என்றாலே போதும் என்கிறார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை போனை நண்பரிடம் கொடுத்தேன். அதுவரை அவர் மச்சான் பக்கம்தான். பார்த்தார். பெரிய விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடியும் பார்த்தார். வாய் திறக்கவில்லை. தொலைக்காட்சியில் யாரோ ட்ரை போட்டுப் புள்ளி எடுத்தார்கள், அவர் நிமிரவில்லை. பிறகு தன் இடது முன்னங்கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் கொண்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் அடி உன்னுடையதாக இருக்கட்டும் என்று." அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகன் 21 நாள் மோதல் ஆட்டம் எதுவும் ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு இங்கே வழிகாட்டல் அப்படித்தான்: முதலில் அறிகுறி ஒன்றும் இல்லாமல் 14 நாள் போக வேண்டும், பிறகுதான் மோதல் பயிற்சியே. அந்த நாட்களில் அவன் அடிபட்டதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, "அப்பா, நான் தலையைச் சரியான பக்கம்தானே வைத்தேன்?" என்று கேட்டான். சரியான பக்கம்தான் வைத்தாய் என்றேன். வீடியோவைக் காட்டினேன். அவனுக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

போன வியாழன் நண்பர் பயிற்சிக்கு வந்தார், பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு. எங்கள் அணியில் பெரிய உடம்புக்காரப் பெடியள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, டேக்கிள் பேடைத் தன் நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும் பந்தைப் பிடி, முழங்கை இரண்டும் விலாவில், இப்போது வா. முதலில் வந்தவனின் கை பழக்கத்தில் வெளியே வந்துவிட்டது. "மறுபடியும்" என்றார். அவன் திரும்பப் போய்ப் பத்து மீட்டர் தள்ளி நின்றான். என் மகன் கோட்டுக்கு வெளியே, பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.