டியூப்புலரா லித்தியமா, மொதல்ல கரண்ட் எத்தன தடவ போகுதுன்னு பாருங்க

இன்வெர்ட்டர் பேட்டரி மாத்துற நேரம் வந்தா இப்பல்லாம் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், பழையபடி டியூப்புலரே (தண்ணி ஊத்துற ஈய பேட்டரி) போட்டுடலாமா இல்ல லித்தியத்துக்குப் போயிடலாமா. கடைக்காரர் அவருக்கு எதுல லாபம் நிக்குதோ அதச் சொல்வாரு, யூடியூப் தொறந்தா 4000 சைக்கிள் 6000 சைக்கிள்னு ஒரே ஆர்ப்பாட்டம் (சைக்கிள்னா பேட்டரி ஒரு தடவ முழுசா காலியாகி முழுசா நெறையறது). எனக்கு இதுல ஒரே ஒரு கேள்விதான் முக்கியம், உங்க வீட்டு பேட்டரி வருஷத்துக்கு எத்தன தடவ நெஜமாவே வேல செய்யுது?

2012 ஞாபகம் இருக்கா, சென்னைக்கு வெளிய இருந்தவங்களுக்கு நல்லாவே இருக்கும், பாதி நாள் கரண்டே இருக்காது, பேட்டரி தெனம் காலியாகி தெனம் நெறையும். அப்ப லித்தியம் கைக்கெட்டுற வெலையில இருந்திருந்தா கண்ண மூடிட்டு வாங்கியிருக்கலாம். இப்ப எங்க ஏரியால மாசம் ஒரு நாள் மெயின்டனன்ஸ் ஷட்டவுன், காலைல 9 மணிக்கு நிறுத்தினா மதியத்துக்கு மேல விடுவாங்க, மத்தபடி காத்து மழைன்னா அப்பப்ப கொஞ்ச நேரம், அவ்வளவுதான். எல்லாத்தையும் கூட்டினாலும் வருஷத்துக்கு 30 முழு சைக்கிள் வராது. நல்ல டியூப்புலரே ஒழுங்கா வச்சா 1000 சைக்கிள் தாங்கும்ங்கிறாங்க, கணக்குப்படி 30 வருஷத்துக்கு மேல ஓடணும், ஆனா அஞ்சாறு வருஷத்துல போயிடுது. ஏன்னா அது சைக்கிளால சாகறதில்ல, சூட்டுலயும் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தாததுலயும்தான் சாகுது. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஈய பேட்டரியோட ஆயுசு ஏறக்குறைய பாதியாகும், நம்ம ஊர் மே மாசத்துல மாடிப்படிக்கு அடியில கதவப் பூட்டி வச்சா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்குங்க. லித்தியமும் சூட்டுல வயசாகும், அதனால கரண்ட் அதிகம் போகாத வீட்டுல அந்த 6000 சைக்கிள் ஆறுன கஞ்சிதான், நீங்க அதுக்குக் காசு குடுப்பீங்க, ஆனா செலவழிக்கவே மாட்டீங்க.

அடுத்து ஏஹெச் கணக்கு, அதாவது பேட்டரி எவ்வளவு கரண்ட் புடிச்சு வைக்கும்ங்கிறது, இதுலதான் நெறைய பேர் கொழம்புறாங்க. 150 ஏஹெச் டியூப்புலர்னா 12 வோல்ட்ல 1800 வாட் ஹவர், ஆனா ஆயுசு வேணும்னா பாதிதான் எடுக்கணும், இன்வெர்ட்டர் லாஸ் போக கைக்கு வர்றது 750 சொச்சம். 100 ஏஹெச் லித்தியம் 12.8 வோல்ட், 1280 வாட் ஹவர், அதுல 90 சதவீதம் தாராளமா எடுக்கலாம், லாஸ் போக 980 வரும். அதாவது பேப்பர்ல சின்னதா தெரியுற லித்தியம்தான் நெஜத்துல பெருசு. ஆனா நம்ம இன்வெர்ட்டர் பாதியிலல்லாம் நிறுத்தாது, பத்தரை வோல்ட் வரைக்கும் உறிஞ்சிட்டுதான் கத்தும், அதனால டியூப்புலர்லயும் கூடுதல் நேரம் ஓடுற மாதிரி தெரியும், அது ஆயுசுல இருந்து எடுத்து ஓட்டுறது.

இதுக்கெல்லாம் முன்னாடி ஃபேன மாத்துங்க சாமி. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி மோட்டார் வச்ச புது ஃபேன் 30 வாட் கிட்டதான். மூணு ஃபேன், நாலு எல்இடி, ஒரு ரவுட்டர்னா 270 வாட் லோடு 135க்கு எறங்கிடும், பேட்டரிய தொடாமலே பேக்கப் ரெட்டிப்பு, கரண்ட் பில்லும் கொறையும்.

லித்தியம்தான்னு நான் அடிச்சுச் சொல்ற எடமும் இருக்கு. பட்டுக்கோட்டை பக்கம் எங்க சித்தப்பா தோப்புல ஒரு கொட்டகை, 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப அங்க தென்னையோட சேத்து போஸ்ட் கம்பமும் சாஞ்சு வாரக்கணக்குல இருட்டு, அதுக்கப்புறம் அவரு லைனயே நம்பறதில்ல, ரெண்டு பேனல் போட்டு பேட்டரியிலயே ஓட்டுறாரு. தெனம் ராத்திரி காலியாகும், தெனம் பகல்ல நெறையணும். ஈய பேட்டரிக்கு இங்கதான் சிக்கல், கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கா ஆகும், ஐப்பசி கார்த்திகைல மேகம் மூடினா அது நெறையவே நெறையாது, அரைகொறையா கெடந்து தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும். லித்தியத்துக்கு அரைகொறையா இருக்கறதுல ஒரு கஷ்டமும் இல்ல, போட்ட கரண்ட்ல 95 சதவீதம் திரும்பவும் குடுக்கும், ஈயம் 80, 85ல நிக்கும். "டேய் தம்பி, வெல ரெண்டு மடங்கு சொல்றானேடா"ன்னு கேட்டாரு, "சித்தப்பா, உங்களுக்கு டியூப்புலர் ரெண்டு தடவ வாங்கினாலும் பத்தாது"ன்னேன். வாங்கிட்டாரு. (சோலார்னு சொன்னதும் ஒண்ணு, மானியத்துல மாடியில போடுற ஆன் கிரிட் பேனல் (ஈபி லைனோட சேத்து ஓடுறது) மட்டும் இருந்தா கரண்ட் போனதும் அதுவும் நின்னுடும், லைன்ல வேல செய்றவங்க பாதுகாப்புக்காக அப்படித்தான் வச்சிருக்காங்க, பேக்கப் வேணும்னா ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியா வேணும்.)

தீப்பிடிக்குமான்னு கேப்பீங்க. 2022ல எரிஞ்ச ஸ்கூட்டர் வீடியோ எல்லாம் பாத்துட்டு பயப்படறது நியாயம்தான், ஆனா அப்ப ஸ்கூட்டர்ல பெரும்பாலும் வந்தது என்எம்சிங்கிற லித்தியம் வகை, வீட்டுக்கு வாங்க வேண்டியது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட், இது அவ்வளவு சீக்கிரம் சூடேறி கைமீறாது. பில்லுல அந்தப் பேர எழுதி வாங்குங்க. யார் செல்லுன்னே தெரியாம லோக்கல்ல கட்டிக் குடுக்குற பேக் எவ்வளவு மலிவா கெடைச்சாலும் நான் தொடமாட்டேன்.

பழைய இன்வெர்ட்டர்ல அப்படியே லித்தியத்த மாட்டிடலாமா? லித்தியம் மோடு இருந்தா மாட்டலாம். இல்லன்னா அது பழைய பழக்கத்துல ஈக்குவலைஸ் பண்றேன்னு (எல்லா செல்லையும் சமமா நெறைக்க கூடுதலா சார்ஜ் ஏத்துறது) 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும், எல்எஃப்பிக்கு 14.6தான் எல்லை, பேட்டரிக்கு உள்ள இருக்குற பிஎம்எஸ்ங்கிற பாதுகாப்பு சர்க்யூட் பட்டுன்னு கட் பண்ணிடும். இன்வெர்ட்டர் காட்டுற சதவீதமும் தப்பா இருக்கும், லித்தியத்தோட வோல்டேஜ் கடைசி வரைக்கும் அசையாம நிக்கும், திடீர்னு விழும். ஒரு ஹெச்பி மோட்டார் போட்டா ஸ்டார்டிங்லயே பல மடங்கு இழுக்கும், அதுக்கும் பிஎம்எஸ் கட் ஆகும், ஈய பேட்டரி முனகிக்கிட்டாவது குடுத்துடும்.

வெல விஷயத்துல ஒரு மாற்றம், 2025 செப்டம்பர்ல ஈய பேட்டரிக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18க்கு எறங்கிடுச்சு, லித்தியம் ஏற்கனவே 18தான், அதனால வரியில இருந்த வித்தியாசம் போச்சு. பழைய டியூப்புலர எடைக்குப் போட்டா எக்ஸ்சேஞ்சுல நல்ல காசு வரும், ஈயத்துக்கு எப்பவும் ஆள் இருக்கு. தேஞ்சு போன லித்தியத்த எங்க ஊர் கடையில யாரும் கையில வாங்கறதில்ல.

எங்க வீட்டுல டியூப்புலர்தான், வெளித்திண்ணையில நெழல்ல, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மூடியத் தொறந்து தண்ணி பாத்து டெர்மினல்ல வாசலின் தடவிடுவேன். ஆனா பெரியம்மாவும் பெரியப்பாவும் தனியா இருக்காங்க, அவங்க வீட்டுல அந்த அம்பது கிலோ பேட்டரிய யாரு நகத்துறது, குனிஞ்சு யாரு தண்ணி ஊத்துறது. அவங்களுக்கு கரண்ட் அடிக்கடி போகாதுதான், சைக்கிள் கணக்குல லித்தியம் வீண்தான், இருந்தாலும் அங்க லித்தியம் போடச் சொல்லிட்டேன்.