மூன்றாம் நாள் வந்த பெண்

நான் கொடுத்த அட்டையின் மூலையை அவள் கட்டைவிரல் நகத்தால் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "வீட்டுக்காரரையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்துடுங்கம்மா, அப்புறம் கருத்தடை ஊசி போட்டுக்கலாம்" என்று நான் சொன்னதும் விரல் நின்றது. "சரி சிஸ்டர்" என்று எழுந்து போனாள். நடந்தது அவ்வளவுதான்.

கைக்குழந்தைக்கு 7 மாதம். மூத்ததற்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. மாதவிடாய் திரும்பிவிட்டிருந்தது, அன்று மூன்றாம் நாள். ஊசிக்குத் தோதான நேரம் அது. முதல் 7 நாளுக்குள் வந்தால், கர்ப்பம் இல்லை என்று பார்க்கத் தனிப் பரிசோதனைகூட வேண்டாம். அன்றைக்கே போட்டு அனுப்பலாம். எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டு நாள் எண்ணி வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

முதலில் நான் சொன்னது காப்பர்-டி. கருப்பைக்குள் வைப்பது, அதன் நூல் நுனி மட்டும் கருப்பை வாய்க்கு வெளியே நிற்கும். மாத்திரை சாப்பிடுகிற 100 பேரில் ஒரு வருடத்தில் ஏழு பேராவது கருத்தரிக்கிறார்கள், பெரும்பாலும் மறந்துபோய். காப்பர்-டியில் ஒருவர் கருத்தரிப்பதே அபூர்வம், 10 வருடம் தாங்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நூல் அவருக்குத் தட்டுப்படுமா?" என்றாள். வெட்டிக் குட்டையாக்கலாம், போகப்போக மெத்தென்று ஆகிவிடும், பெரும்பாலும் தெரியாது என்றேன்.

"பெரும்பாலும்னா?"

எனக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் ஊசியைக் கேட்டாள். நானும் கணவரை அழைத்து வரச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊசி போட்டால் ரத்தப்போக்கு தாறுமாறாகும். முதலில் திட்டுத்திட்டாகப் படும், ஒரு வருடத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நின்றே போகும். பயந்துபோய், 3 மாதம் கழித்துப் போட வேண்டிய அடுத்த ஊசிக்கு வராமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். நிறுத்திய பிறகும் கரு தங்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம். அந்தக் கேள்வியும் வீட்டில் அவள் மேல்தான் விழும். கணவருக்கும் தெரிந்திருந்தால் அவள் தனியாகத் தவிக்க வேண்டாமே என்று நினைத்தேன். அது பொய்யில்லை.

ஆனால் வேறொன்றும் இருந்தது. நாளை ஏதாவது பிரச்சினை என்றால் என்னிடம் வந்து நிற்பார்கள் என்ற பயம். ஊசி போட மருத்துவ ரீதியாகக் கணவரின் சம்மதம் எதற்கும் தேவையில்லை. இது தெரிந்தேதான் சொன்னேன். ஆணுறை கொடுத்தனுப்பினேனே என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். கணவரிடம் வாய் திறக்க முடியாதவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

பெண்கள் ஏன் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவதில்லை என்று பயிற்சி வகுப்பில் காரணங்களை வரிசையாகச் சொல்வார்கள். படிப்பு, வருமானம், மருத்துவமனைக்கு உள்ள தூரம், பக்க விளைவு பற்றிய பயம், கணவரின் எதிர்ப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் ஒரு காரணம் என்று நான் கேட்ட எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. அன்று பதிவேட்டில் நான் எழுதியது: 'ஆலோசனை வழங்கப்பட்டது, முறை எதையும் ஏற்கவில்லை.' அவள் பெயருக்கு நேராக என் கையெழுத்தில் அது அப்படியே இருக்கிறது. படிக்கிறவர்கள் அவள்தான் வேண்டாம் என்று போனதாக நினைப்பார்கள்.

நான்கு மாதம் கழித்து வந்தாள், கர்ப்பத்தைப் பதிவு செய்ய. கணவரும் கூட வந்திருந்தார். நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் இல்லை அவர். மூத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்கப்புறம் இடைவெளி விடணும் சிஸ்டர், என்ன பண்ணலாம்?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றே இவரை அழைத்து வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமே, நான் சொன்னதில் தப்பில்லையே என்று தோன்றியது. இப்போதும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி வைத்துவிடலாம் என்று இருவரிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம், எடை பார்க்க வேண்டும் என்று அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். அவர் போகும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கதவு சாத்தியதும் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த நூலை நல்லா குட்டையா வெட்டிடுவீங்களா சிஸ்டர்?"