என்ஜின்எக்ஸ் லாகில் எந்த நேரம் யாருடையது?

வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் (nginx), வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் லாகில் ஒரு வரியாக எழுதும். அதன் வழக்கமான ‘கம்பைன்டு’ லாக் ஃபார்மட்டில், அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்ற அளவு எதுவும் கிடையாது. தளம் இழுக்கிறது என்று புகார் வந்த பிறகு சேர்த்தால், புகார் வந்த நேரத்துக்குத் தடயமே இருக்காது. சர்வரை அமைக்கும்போதே ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் கனெக்ட் டைம், ஹெடர் டைம், ரெஸ்பான்ஸ் டைம் நான்கையும், கூடவே அப்ஸ்ட்ரீம் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். அப்ஸ்ட்ரீம் என்பது என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் நிற்கும் ஆப் சர்வர், அதாவது பேக்எண்டு. அதோடு இணைய ஆன நேரம் கனெக்ட், பதிலின் ஹெடர் வரும் வரை ஆனது ஹெடர், முழுப் பதிலும் வரும் வரை ஆனது ரெஸ்பான்ஸ். நேரங்கள் எல்லாம் நொடிக்கணக்கு, மூன்று தசம இடங்களுடன். இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியின் ‘%D’ ரிக்வெஸ்ட் நேரத்தை மைக்ரோசெகண்டில் தரும். இரண்டும் ஒரே டாஷ்போர்டுக்குப் போகிறது என்றால் அலகைக் கவனியுங்கள்.

ரிக்வெஸ்ட் டைம், பிரௌசரிடமிருந்து முதல் பைட் வந்ததிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி லாக் எழுதும் வரை ஓடும். பயனரின் நெட் வேகமும் அதில் அடக்கம். அதை மட்டும் வைத்து ஆப் எழுதியவர் மேல் பழி போடுவது நியாயமே இல்லை. ரிக்வெஸ்ட் 8.412, ரெஸ்பான்ஸ் 0.093 என்று ஒரு வரி இருந்தால், ஆப் 93 மில்லிசெகண்டில் வேலையை முடித்துவிட்டது. ஃபைல் அப்லோடு என்றால் காரணம் தெளிவு: ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங் இயல்பாகவே ஆனில் இருப்பதால், முழு ஃபைலும் வந்து சேரும் வரை என்ஜின்எக்ஸ் ஆப்பைத் தொடுவதே இல்லை. ஆனால் ப்ராக்ஸி பஃபரிங்கை (ஆப்பின் பதிலை என்ஜின்எக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு பயனருக்கு அனுப்புவது) ஆஃப் செய்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மெதுவாக இறக்கும் பயனர் ரெஸ்பான்ஸ் டைமையும் ஏற்றிவிடுவார். அப்போது ஹெடர் டைமை நம்புங்கள்.

கனெக்ட் டைம் ஒரே நெட்வொர்க்கில் 0.000 அல்லது 0.001 தான் இருக்க வேண்டும். அது 1 நொடி, 3 நொடி என்று கொத்துக்கொத்தாக வந்தால், தொலைந்த SYN பாக்கெட்டை (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) லினக்ஸ் மறுபடி அனுப்பும் இடைவெளி அது. ஆப்பின் லிசன் கியூ (ஆப் ஏற்கக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை) நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது: ரெஸ்பான்ஸ் டைமில் ‘60.001, 0.120’ என்று இரண்டு எண்கள் வரலாம். முதல் பேக்எண்டு டைம்அவுட் ஆகி, அடுத்தது பதில் தந்திருக்கிறது. இடைவெளியை வைத்து வரியை வெட்டினால் அதற்குப் பின்னுள்ள எல்லா நெடுவரிசையும் (column) ஒன்று தள்ளிப்போகும். ஜேசன் (JSON) வடிவில் எழுதுவது மேல். ரெஸ்பான்ஸ் டைமில் வெறும் ‘-’ என்றால் பேக்எண்டுக்கே போகவில்லை. அதை 0 என்று சராசரியில் சேர்க்காதீர்கள். 499 (பதில் வரும் முன்பே பயனர் இணைப்பைத் துண்டித்தார் என்ற ஸ்டேட்டஸ் எண்) வரிகளைக் கழிக்கவும் கூடாது, காத்திருந்து சலித்துப் போனவர்கள் அதில்தான் இருக்கிறார்கள்.