துள்ளும் எழுத்தில் ஓர் இறுதி எச்சரிக்கை

பராமரிப்புத் தொகையைக் கட்டாதவர்களுக்குச் சித்தப்பா விடுத்த 'இறுதி எச்சரிக்கை' நேற்று லிஃப்ட் கதவில் ஒட்டப்பட்டது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரான பிறகு அவர் யாரையும் சும்மா விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இம்முறை மிரட்டல் முழுவதும், குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்பிதழுக்கென்றே வரையப்பட்ட கையெழுத்துப் பாணி எழுத்துரு ஒன்றில் குதித்துக்கொண்டு வந்திருந்தது. "சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரியில் ஓரெழுத்து மேலே எம்பியது, அடுத்தது கீழே சறுக்கியது. மேல்மாடி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, விழா எத்தனை மணிக்கு என்று என்னிடமே விசாரித்தார்.

தலைப்புக்காகப் பெரிய அளவில் பயன்படுத்த வேண்டிய எழுத்துருவைப் பொடியாக்கிப் பத்தி முழுவதும் நிரப்பியதால், குமிழ் வடிவப் புள்ளிகள் அச்சில் காணாமற்போய், புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படிப்பதுபோல் எல்லோரும் எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றார்கள். போதாக்குறைக்கு, 'எச்சரிக்கை'யின் இரு சகரங்களும் மயிரிழை பிசகாமல் ஒரே கோணத்தில் தள்ளாடின. நல்ல கையெழுத்து எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வரைந்து மாற்றி மாற்றி வரச்செய்வார்கள்; இலவசமாகக் கிடைத்ததில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அதில் எண்களும் இல்லாததால், கடைசித் தேதி மட்டும் வேறோர் எழுத்துருவில் விறைப்பாக நின்றது.

எழுத்துக்கும் குரல் உண்டு என்று சித்தப்பாவிடம் விளக்கினேன். மைக்ரோசாஃப்டின் 'பாப்' மென்பொருளில் ஒரு கார்ட்டூன் நாய் டைம்ஸ் நியூ ரோமன் என்ற விறைப்பான எழுத்துருவில் பேசுவது பொருந்தவில்லை என்று கருதித்தான் வின்சென்ட் கொன்னேர் 1994-இல் காமிக் சான்ஸ் என்ற விளையாட்டான எழுத்துருவை வரையத் தொடங்கினார். நாய்க்குப் பொருந்துவது வக்கீல் நோட்டீசுக்குப் பொருந்துமா என்று கேட்டேன். சித்தப்பா வாய் திறப்பதற்குள் அவருடைய மகன் குறுக்கிட்டு, 2012 ஜூலை 4 அன்று செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகள் பற்றிய அறிவிப்பின்போதே காமிக் சான்ஸ் ஸ்லைடுகள் காட்டப்பட்டன என்றான். பிள்ளைகளைப் படிக்கவைப்பதில் இப்படியொரு தொல்லையும் இருக்கிறது.

சலித்துப்போய், "முத்து முத்தாக எழுதுவீர்களே, கையாலேயே எழுதியிருக்கலாமே" என்றேன். சித்தப்பா வலக்கையைப் பார்த்துக்கொண்டார். "இப்போது நடுங்குகிறதடா. எழுதினால் இப்படித்தான் மேலும் கீழுமாக வருகிறது. இந்த எழுத்தில் போட்டால் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கிறது" என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. தலைப்பு துள்ளட்டும், பத்தி மட்டும் நேராக நிற்கட்டும் என்று உடன்பாடு செய்துகொண்டோம். ஆனால் தேதியும் துள்ளியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். பூஜ்யம் முதல் ஒன்பது வரை நான்தான் வரைந்து கொடுக்க வேண்டுமாம், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள்.