நடு சிலிண்டரின் மரை

அக்டோபர் 5, 2024, சனி

ஏற்காடு ஏறும்போதே பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி இன்ஜினில் மிஸ்ஸிங், விட்டு விட்டு ஓடியது. அப்பாவின் மாருதி 800-க்கு அந்த இருபது வளைவும் பழகின பாதை. இன்று இரண்டாவது கியரிலேயே திணறியது. மதியம் இறங்கி கண்ணங்குறிச்சி வந்ததும் பானட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக் கழற்ற நின்றுவிட்டேன். "சூடு ஆறட்டும்டா, காபி குடிச்சிட்டு போ" என்றாள் அம்மா. கேட்டிருக்க வேண்டும்.

முதல் பிளக் சுலபமாக வந்தது. நடு சிலிண்டர் பிளக் அரைச் சுற்று வந்து பிடித்துக்கொண்டது. விடாமல் திருகினேன். வெளியே வந்தபோது அதன் மரையில் அலுமினியம் ஜிகினா மாதிரி சுற்றியிருந்தது. வயிறு கலங்கிவிட்டது. புது பிளக்கை வைத்தால் இறுகவே இல்லை, சும்மா சுற்றுகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

மூன்றாவது பிளக்கை இன்று காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போது கழற்றினேன். துளி சிரமம் இல்லை. நேற்று நடந்தது இப்போது புரிகிறது. பிளக் இரும்பு, அது திருகி நிற்கும் ஹெட், அதாவது சிலிண்டர் மூடி, அலுமினியம். பிளக்கின் நுனி மரையில் கரி படிந்திருந்தது. சூட்டில் இளகியிருந்த அலுமினியத்தை அந்தக் கரி அரம் போல ராவிவிட்டது. பிடித்த இடத்திலேயே நிறுத்தி, ஆறவிட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக அசைத்திருந்தால் மரை பிழைத்திருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

வேலை முடிந்து செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். காலையில் கேட்ட மெக்கானிக் ஹெட்டையே மாற்றச் சொல்லியிருந்தார். லேத்காரர் பிளக்கைக் கையில் வாங்கி நகத்தால் மரையைச் சுரண்டினார்.

"ஹெட்டுல விரிசல் இருக்கா தம்பி?"

"இல்லைண்ணா, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன்."

"அப்ப ஹெலிகாயில் போடுங்க. துளைக்குள்ள புது மரையா உட்கார்ற இரும்புச் சுருள்தான், பழைய மரையை விட ஸ்ட்ராங்கா நிக்கும். மரை வெட்டுற டேப்பை மட்டும் நேரா இறக்கணும், சாஞ்சா முடிஞ்சுது."

பிளக் மரை 14 மில்லிமீட்டர், பிட்ச், அதாவது மரை இடைவெளி, 1.25. அளவு சொல்லி கிட் வாங்கி வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

லீவு போட்டேன்.

டேப் போடுவதை விட, சீவல் சிலிண்டருக்குள் விழாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, விழுந்தால் காந்தத்தை விட்டு எடுக்க முடியாது. நாலாவது கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளச் சொல்லி, பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரெஷன், பிஸ்டன் காற்றை அமுக்கி மேலே வருகிறது, இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிச் சற்றே கீழே இறக்கினேன், இல்லையென்றால் டேப் இடித்துவிடும்.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே. நாலைந்து தரம் வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ். சீவல் எல்லாம் கிரீஸிலேயே ஒட்டி வந்தது. இதற்கே முக்கால் மணி நேரம். அப்புறம் சைக்கிள் வால்வ் டியூபை வேக்குவம் கிளீனர் வாயில் ஒட்டு நாடா சுற்றி ஒட்டி, துளைக்குள் விட்டு உறிஞ்சினேன்.

சுருளை விளிம்புக்கு அரை மரை கீழே வரை இறக்கினேன். அடியில் இருக்கும் குறுக்குக் கம்பியை ஒடிக்கும்போது உள்ளே விழுந்தால் இத்தனை பாடும் வீண். மூச்சைப் பிடித்துக்கொண்டு நீள மூக்குக் குறடால் பிடித்தே ஒடித்தேன். வந்துவிட்டது!

ஸ்பார்க் வராமல் இருக்க இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, துளைகள் மேல் துணி போட்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றினேன். துணியில் மினுமினுப்பு எதுவும் இல்லை. புது பிளக்கின் தலையில் ரப்பர் டியூப் துண்டைச் செருகி அதைப் பிடித்தே திருகினேன். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஹெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடி வரை போனது. அப்புறம் ஸ்பானரால் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

முதல் தரமே ஸ்டார்ட் ஆனது. பிளக்கைச் சுற்றி சோப்புத் தண்ணீர் விட்டேன், குமிழி இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்று ஐடிலிங்கைக் கேட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பிளக் ஸ்பானருக்கும் பொட்டு வைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அடிவாரத்தில் இருந்து ஏறினோம். பன்னிரண்டாவது வளைவில் ரேடியோவை நிறுத்திக் காது கொடுத்தேன். மிஸ்ஸிங் இல்லை, புஸ் என்ற சத்தமும் இல்லை. இருபதும் தாண்டி ஏரிக்கரையில் நிறுத்தி பானட்டைத் திறந்தபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் பாட்டில் கொண்டு போயிருந்தேன். "ஆறட்டும்" என்றார் அப்பா. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். குமிழி இல்லை.