பெரியம்மாவோட ஹெபடைடிஸ் சி மாத்திரையும் அந்த ‘ரியாக்டிவ்’ ரிப்போர்ட்டும்

கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் சி வைரஸ் நோய் மாத்திரையிலேயே முழுசா குணமாகிடும்னு சொன்னா எங்க சொந்தத்துல பாதிப்பேர் இன்னும் நம்ப மாட்டாங்க, "கல்லீரலுக்கெல்லாம் இங்கிலீஷ் மருந்து ஆகாது, கீழாநெல்லிதான்"னு ஆரம்பிச்சிடுவாங்க. பெரியம்மாவுக்கு கண்ணு மஞ்சளாவே ஆகல, அசதி மட்டும்தான், அதையும் வயசாச்சுன்னு விட்டுட்டாங்க. இந்த வைரஸ் குணமே அதான், இருபது முப்பது வருஷம் வெளிய தெரியாம கல்லீரலை தழும்பாக்கிட்டே இருக்கும். தொண்ணூறுகள்ல ரெண்டாவது பிரசவத்துக்கு சிசேரியன் பண்ணி ரத்தம் ஏத்தியிருக்காங்க, டாக்டருக்கு அதுமேலதான் சந்தேகம், ஏன்னா நம்ம நாட்டுல தானம் குடுக்கற ரத்தத்துல இதை டெஸ்ட் பண்றது கட்டாயமானதே 2001லதான்.

முன்னெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி, கூட ரிபாவிரின் மாத்திரை, 48 வாரம் வரைக்கும் போகும், காய்ச்சல், ரத்தசோகை, மனசு உடைஞ்சு போறதுன்னு எல்லா கஷ்டமும் பட்டுட்டு கடைசில பாத்தா பல பேருக்கு வைரஸ் அப்படியே இருக்கும். 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர்ங்கற மாத்திரை வந்தப்புறம்தான் கதையே மாறுச்சு. ஆனா விலை? ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84 மாத்திரை, 84,000 டாலர்! 2014ல அதை விக்கற கிலியட் கம்பெனி நம்ம ஊர் கம்பெனிங்களுக்கு அதைத் தயாரிக்க லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க, 2015ல அதுல ஒண்ணான நாட்கோ 28 மாத்திரை டப்பாவ 19,900 ரூபாய்க்கு இறக்குச்சு, அதாவது மாத்திரை 700 ரூபா சொச்சம். 2018லேர்ந்து தேசிய ஹெபடைடிஸ் திட்டத்துல டெஸ்டும் மருந்தும் இலவசம், பெரியம்மாவுக்கும் கவர்மென்ட் ஆஸ்பத்திரிலதான் வாங்கினோம்.

அவங்களுக்கு குடுத்தது சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு ஒண்ணு, 12 வாரம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி இருக்கான்னு பாத்தாங்க, சி அடங்கும்போது பி தலை தூக்கலாமாம். அப்புறம் டாக்டர் கேட்டாரு பாருங்க, "அம்மா, காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடுவீங்களா?" போடாம இருப்பாங்களா, எங்க வீட்ல காப்பிக்கு முன்னாடி அதுதான! வயித்துல அமிலம் கம்மியானா வெல்பட்டாஸ்விர் சரியா கரைஞ்சு உடம்புல சேராது, அதனால அதை நிறுத்தச் சொல்லிட்டாரு. பெரியம்மாவுக்கு மத்த எதையும் விட இதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு. கொஞ்சம் தலைவலி, அதைத் தாண்டி ஒண்ணுமில்ல. கீழாநெல்லியையும் மூணு மாசம் தள்ளி வைக்கச் சொன்னாங்க, அதுக்குத்தான் சித்தி கோச்சுக்கிட்டாங்க.

மாத்திரை முடிஞ்ச உடனே குணம்னு சொல்லிட மாட்டாங்க. இன்னும் 12 வாரம் கழிச்சு, ரத்தத்துல வைரஸையே நேரடியா தேடற ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்து, அதுல வைரஸ் இல்லன்னாதான் கணக்கு. நூத்துக்கு 95 பேருக்கு மேல அப்படி போயிடுது. பெரியம்மாவுக்கும் போயிடுச்சு.

ஆனா நான் இதை எழுத உக்காந்ததே வேற விஷயத்துக்கு. போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம், வழக்கமான ரத்த டெஸ்ட்ல ஹெபடைடிஸ் சி ‘ரியாக்டிவ்’னு, அதாவது பாசிட்டிவ்னு வந்துச்சு, உடனே கவுண்டர்ல முகமே மாறிடுச்சு, ஆபரேஷனுக்கு தனி கிட்னு எக்ஸ்ட்ரா சார்ஜ், லிஸ்ட்ல கடைசி கேஸ், அதுவும் பத்து பேர் நிக்கற இடத்துல சத்தமா சொல்றாங்க. அந்த டெஸ்ட் பாக்கறது ஆன்டிபாடியத்தான், அதாவது வைரஸ் எப்பவோ வந்ததுக்கான அடையாளம், குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். இப்ப வைரஸ் இருக்கா இல்லையான்னு ஆர்என்ஏ டெஸ்ட்தான் சொல்லும். ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்களுக்கே இது தெரியலன்னா என்ன பண்றது? கல்ஃப் வேலைக்கு மெடிக்கல் போற பசங்களுக்கும் இதே தலைவலிதான். இப்ப அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி பெரியம்மா ஹேண்ட்பேக்ல ஆதார் கார்டோட வெச்சிருக்கோம்.

இன்னொண்ணு, ஆன்டிபாடி இருக்குன்னா திரும்ப வராதுன்னு அர்த்தமில்ல, வரலாம், இதுக்கு தடுப்பூசியும் கிடையாது. பெரியம்மாவுக்கு கல்லீரல்ல தழும்பு ஏற்கனவே சிரோசிஸ் அளவுக்கு, அதாவது கல்லீரலே இறுகிப் போற அளவுக்கு போயிடுச்சு, அதனால வைரஸ் போனாலும் புற்றுநோய் வருதான்னு ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன் எடுத்தே ஆகணும். "அதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்குடா ஸ்கேன்"னு ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுட்டுதான் ஆட்டோல ஏறுவாங்க.