தொங்கிய மணிக்கட்டு நிமிர்ந்த கதை

என் மேற்கை எலும்பு முறிந்தபோது அதை ஒட்டிச் செல்லும் ரேடியல் நரம்பும் (மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளை இயக்குவது) அடிபட்டுவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் மணிக்கட்டு தொங்கியபடியே இருந்தது. விரல்களை மடக்க முடியும், நீட்ட வராது. மணிக்கட்டு நிமிராவிட்டால் பிடிப்புக்கும் பலமில்லை. தண்ணீர் பாட்டில்கூட நழுவிவிடும்.

நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். நரம்பின் தொடர்பு அற்றுப்போன தசை ஒன்றரை ஆண்டு தாண்டினால் பெரும்பாலும் தேறாது. பரிசோதனைகளில் நரம்பு துளிர்க்கும் அறிகுறியே தெரியாததால், தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானது. அதாவது, வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் நாணோடு இணைத்துத் தைப்பது.

காத்திருக்கிற காலத்தைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள். மூட்டு இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல தசைநாணை இழுத்துத் தைத்தாலும் விரல் அசையாது. நான் தினமும் மறு கையால் ஒவ்வொரு விரலையும் முழுக்க நிமிர்த்தி மடக்கினேன், மற்ற நேரம் ஸ்பிளிண்ட் (கையை நிமிர்த்தித் தாங்கும் பட்டை) போட்டிருந்தேன். அறுவை சிகிச்சையைவிட இதுதான் என்னைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசைகளில் ஒன்றை மணிக்கட்டை நிமிர்த்த மாற்றினார்கள். மணிக்கட்டை மடக்கும் தசைகளில் ஒன்று விரல்களுக்குப் போனது. முன்கையின் நடுவே ஓடும் மெல்லிய நாண் கட்டைவிரலுக்கு. (அந்த நாண் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காதாம். எனக்கு இருந்தது.) இடம் மாறும் தசை கொஞ்சம் பலம் இழக்கும் என்பதால் வலுவானதாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

அப்புறம் சில வாரம் மாவுக்கட்டு. பிரித்த அன்று விரலை நீட்டப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. “நீட்டணும்னு நினைக்காதீங்க, மணிக்கட்டை மடக்குறதா நினைங்க” என்றார் பிசியோதெரபிஸ்ட். அப்படியே செய்தேன். முன்கைத் தோலுக்கடியில் ஏதோ வழுக்கி ஓடியது, நான்கு விரல்களும் சேர்ந்தாற்போல் லேசாக எழுந்தன. அழுதுவிட்டேன். இப்படி யோசித்து யோசித்துச் செய்த அசைவு, பயிற்சி தொடரத் தொடரத் தானாகவே வர ஆரம்பித்தது.

இப்போது பேனா பிடிக்கிறேன், கதவைத் திறக்கிறேன். பிடியின் பலம் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு அடிபட்டதில் மரத்துப்போன புறங்கைப் பகுதியும் அப்படியேதான் இருக்கிறது. இந்தச் சிகிச்சை அசைவைத்தான் தரும், உணர்ச்சியைத் தராது. எந்த அசைவு எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் விரல் விரலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.